மறு: ‘ஸ்போலியா’வுக்குத் தமிழில் என்ன?

> ‘கொள்ளைக்கல்’ என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லின் பொருளும் அதுதானே?

ஐயா, வணக்கம்.

மூலச்சொல் அப்படித்தான். லத்தீனில் முதலில் விலங்கின் உரித்த தோல். பிறகு வீழ்ந்த பகைவனிடம் உருவிய ஆயுதமும் கவசமும். ஆனால் இன்று கலை வரலாற்றில் அச்சொல், பழைய கட்டடத்திலிருந்து எடுத்துப் புதியதில் வைத்த எந்தத் தூணுக்கும் சிற்பத்துக்கும் வருகிறது. எல்லாம் கொள்ளை இல்லை. ரோமில் 315-இல் எழுந்த பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவில் திராயான், ஹாட்ரியன், மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்துப் புடைப்புச் சிற்பங்களைப் பதித்தார்கள். பழைய பேரரசர்களின் தலைகளைக் கான்ஸ்டன்டைன் முகமாகத் திருத்திச் செதுக்கவும் செய்தார்கள். முன்னோர் பெருமையைத் தன் பேரேட்டில் வரவு வைத்த வேலை அது! கொள்ளை என்றால் அந்த நோக்கமே மறைந்துபோகும். இஸ்தான்புல்லின் நிலத்தடி நீர்த்தேக்கம் வேறு மாதிரி. அங்கே 336 தூண்கள், பல பழைய கட்டடங்களிலிருந்து வந்தவை. இரண்டின் அடியில், பார்த்தவரைக் கல்லாக்குவாளாம் என்று கிரேக்கப் புராணம் சொல்லும் மெடூசாவின் தலை, ஒன்று தலைகீழ், மற்றது பக்கவாட்டில். உயரத்துக்குச் சரியாக இருந்ததால் முட்டுக் கொடுத்தார்கள் என்பாரும் உண்டு, அவள் பார்வையை முறிக்கத்தான் என்பாரும் உண்டு.

எங்கள் பக்கம் வாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கதவும் சாய்ந்து நிற்கும். பங்காளிகள் கூடிப் பேசி வீட்டைப் பிரித்து விற்றவை. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நின்ற தூண் நாளைக்கு ஏதோ ஓட்டல் முகப்பில். அதைக் கொள்ளை என்றால் சண்டைக்கு வருவார்கள். ‘மீள்பயன்பாட்டுப் பொருள்’ எனக்குப் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் நினைவூட்டுகிறது. கல்லை மட்டும் சொன்னாலும் போதாது, மரமும் உண்டே.

என் முன்மொழிவு ‘மறுகட்டு’. மறுகட்டுக்கல், மறுகட்டுத்தூண், மறுகட்டுக்கதவு.

தேவகோட்டையிலிருந்து

> அண்ணே, மறுகட்டு என்றால் நீங்களே வீட்டின் அடுத்த கட்டு, அதாவது அடுத்த பகுதி, என்றல்லவா எடுத்துக்கொள்வீர்கள்? முதல்கட்டு, இரண்டாங்கட்டு மாதிரி. போதாக்குறைக்குப் புண்ணுக்குப் போடும் கட்டு வேறு.

தம்பி, புண்கட்டை விடுங்கள், இடம் பார்த்தால் விளங்கிவிடும். முதல் ஆட்சேபம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு கட்டில் இருந்த பொருள் மறு கட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டு பொருளும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தனியே ‘மறுகட்டு’ என்று நிற்கவிடாமல் எப்போதும் கல், தூண் என்று ஒட்டியே எழுதினால் குழப்பம் இல்லை.

சொல்லின் தேவை இங்கேயே இருக்கிறது. நகரத்தார் திருப்பணிகளில் கோயில்கள் புதுக்கல்லில் எழுந்தபோது பழைய கற்கள் போன இடம் தெரியாமல் போனதுண்டு. நம்மவர் செய்தது என்பதால் மெதுவாகச் சொல்கிறேன். தப்பியவை சில நேரம் மதிலிலோ படியிலோ செருகிக் கிடக்கும், கல்வெட்டு வரி பாதியில் அறுந்து. ‘உடைந்த கல்’ என்று குறித்தால் அது எங்கிருந்தோ வந்தது என்பது பதிவாவதில்லை. “தென்மதிலில் மூன்று மறுகட்டுக்கற்கள், ஒன்றில் எழுத்து தலைகீழ்” என்று எழுதிப் பார்த்தேன். உறுத்தவில்லை. உங்கள் கட்டுரையிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.