வலை உவமையில் ‘ஆகாதவை’ எந்த மீன்?

கெடிலக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கடலூர்ல வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்பு எடுக்கிறேன். இந்தத் தடவை பாதிப் பிள்ளைங்க தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைங்க. மத்தேயு 13:47, வலை உவமை: பரலோகராஜ்யம் கடல்ல போட்ட வலை மாதிரி, நிறைஞ்சதும் கரைக்கு இழுத்து நல்லதைக் கூடையில சேர்ப்பாங்க. ‘ஆகாதவைகளை எறிந்துபோடுவார்கள்’னு வாசிச்சதும் ஒரு நாலாங்கிளாஸ் பையன், “எங்கப்பா எதையும் எறிய மாட்டாரு டீச்சர்”னான். பெரிசு ஏலத்துக்கு, பொடிசு கருவாட்டுக்கு, நசுங்கினது கோழித்தீவனத்துக்கு. அவன் சொல்றது சரிதான். கெட்டுப்போன மீனுடான்னு சமாளிச்சேன். “இப்பதானே வலையில வந்துச்சு, துள்ளுற மீன் எப்படிக் கெடும்?” வகுப்பே சிரிச்சுது. (பாடப் படத்துல வேற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தூண்டில் போட்டுக்கிட்டு இருக்காரு.) நாளைக்கு என்ன சொல்றது?

உப்பளம் பிரதர்:
மீன்ல ஏன் மாட்டிக்கிறீங்க சிஸ்டர்? 49-ம் வசனத்துல ஆண்டவரே அர்த்தம் சொல்லிட்டாரு. தூதர்கள் வந்து பொல்லாதவங்களைப் பிரிப்பாங்க. அதைச் சொல்லி முடிங்க.

முத்தியால்பேட்டை (ஓய்வுபெற்ற போதகர்):
பையன் கேட்டது நல்ல கேள்வி அம்மா. லேவியராகமம் 11:9-ஐ எடுத்துப் பாருங்கள். சிறகும் செதிளும் உள்ளதைத்தான் யூதர்கள் சாப்பிடலாம். (சிறகு என்றால் இங்கே செட்டை.) கலிலேயாவில் செதிளில்லாத கெளுத்தி வகை உண்டு. அது உயிரோடு துள்ளினாலும் அவர்களுக்கு ஆகாது. அந்தக் கணக்கில் நம் ஊர் இறால், நண்டு, கணவாய் எல்லாமே ஆகாதவைதான்! பிள்ளை பெற்றவளுக்கு நாம் தேடி வாங்கும் பால்சுறாவுக்கும் அங்கே கூடையில் இடமில்லை.

இன்னொன்று. கிரேக்கத்தில் இந்த இடத்தில் வரும் ‘சகேனே’ நம் கரைவலை மாதிரி இழுக்கும் வலை. வீச்சுவலைக்கு வேறு சொல் உண்டு. ‘கடல்’ என்று படித்தாலும் கலிலேயாக் கடல் ஒரு நன்னீர் ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். வீராணத்தைக் காட்டி, இதைவிடப் பெரியது என்று சொல்லுங்கள்.

உப்பளம் பிரதர்:
அப்போ செதில் இல்லாத மீன்தான் பொல்லாதவங்களா ஐயா? சுறா தின்னுற நாம என்ன ஆகிறது?

முத்தியால்பேட்டை:
அப்படிப் போகாதீர்கள். அப்போஸ்தலர் 10-இல் அந்த மீன்காரப் பேதுருவுக்கே, தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டாக எண்ணாதே என்று வந்துவிட்டது. பட்டியல் அந்த ஊருடையது. பிரிப்பது கடைசியில் என்பதுதான் உவமை.

கெடிலக்கரை டீச்சர்:
நன்றி ஐயா. இன்னிக்கு வகுப்புல கரைவலைன்னு சொன்ன உடனே பாடம் என் கையை விட்டுப் போயிடுச்சு. பையன் எழுந்து கயிறு இழுத்துக் காட்டுறான். மடி (வலையில மீன் சேருற பை) கரை ஏறுற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாதாம். கடல்ல நின்னுக்கிட்டு எவனும் பிரிக்க மாட்டானாம். ‘உட்கார்ந்து’ன்னு வசனத்துல இருக்கே, அதை நான் இத்தனை வருஷமாக் கவனிச்சதே இல்லை. ஒரு பொண்ணு, “எங்கம்மாவும் உக்காந்துதான் பிரிக்கும்”னா. இறாலும் கணவாயும் அங்க ஆகாதுன்னதும், “பாவம் டீச்சர் அவங்க”ன்னு ஒரே இரக்கம்.

கடைசியா பையனை விடாமக் கேட்டேன்: ஒண்ணுகூட எறிய மாட்டாரா உங்கப்பா? ரொம்ப நேரம் யோசிச்சான்.

“பேத்தை மீனு. விஷம் டீச்சர். அதைக் கோழிக்குக்கூடப் போட மாட்டோம்.”