உகந்தைக்குப் பைக்கில போற ரெண்டு பேருக்கு: பஞ்சர் கதை

குழு: எங்கட லேன், வெள்ளவத்தை

தர்சன்: எல்லாருக்கும் வணக்கம். வாற கிழமை நானும் நிலாவும் எக்ஸ்பல்ஸ் 200ல பொத்துவில், பாணமை, உகந்தை முருகன் கோவில் மட்டும் போறம். பாணமைக்கு அங்கால கிரவல் ரோட். பஞ்சருக்கு என்ன என்ன கொண்டு போகோணும்? அந்தக் கயிறு குத்துற கிட் ஒண்டு வேண்டி வச்சிருக்கிறன்.

ஜெயந்தி அக்கா: தம்பி, அதை வீட்டில வச்சிட்டுப் போங்கோ 😄 அது டியூப்லெஸ்சுக்கு. உங்களுக்குக் கம்பிச் சில்லு, உள்ளுக்கு டியூப். கயிறு டயரை அடைக்கும், டியூபில இருக்கிற ஓட்டை அப்பிடியே கிடக்கும். குத்துற ஊசி இன்னொரு ஓட்டையும் போட்டுத் தரும்.

ரவி மாமா: பின் டயர் 120/80-18, முன் டயர் 90/90-21 (கடைசி இலக்கம் சில்லின்ர அளவு, அங்குலத்தில). ரெண்டுக்கும் ஒவ்வொரு டியூப் எடுங்கோ. பஞ்சிகாவத்தையில ரெண்டும் கிடைக்கும். இடம் காணாட்டி 21 டியூபை மட்டும் கொண்டு போனாலும் சரி. அவசரத்துக்கு அது 18 சில்லுக்குள்ளயும் போகும், மடிப்பு விழும், மெதுவா அடுத்த டயர் கடை மட்டும் வந்து சேரலாம். 18ஐ 21ல இழுத்துப் போடப் போகாதேங்கோ.

நிலா: ஒட்டுப் போட்டாக் காணாதோ மாமா? ஏன் டியூப் காவோணும்?

ரவி மாமா: ஆணி, முள்ளு எண்டா ஒட்டுக் காணும். வால்வ் அடியில கிழிஞ்சா ஒரு ஒட்டும் நிக்காது. நீளமாக் கிழிஞ்சாலும் அதே கதைதான்.

ஜெயந்தி அக்கா: ரெண்டு பேர் போகேக்க ஆணியை விடக் கூடக் கவனிக்க வேண்டியது வேற ஒண்டு. ஆள் ரெண்டு, பெட்டி, தண்ணிப் போத்தல் எல்லாப் பாரமும் பின்சில்லில. காத்துக் குறைவா ஒரு கல்லில ஏத்தினா, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில டியூப் நசியும். கழட்டிப் பார்த்தாப் பக்கத்தில பக்கத்தில ரெண்டு வெட்டு, பாம்பு கடிச்ச மாதிரி. ஒண்டைக் கண்டா மற்றதைத் தேடுங்கோ. ஒண்டை மட்டும் ஒட்டிப் பூட்டினா அரை மணித்தியாலத்தில திரும்பவும் இறங்கும்.

தர்சன்: கிரவலில காத்தைக் குறைச்சு ஓடச் சொல்லித்தானே யூடியூபில சொல்லீனம்?

ஜெயந்தி அக்கா: அது தனிய, பெட்டி இல்லாமல் ஓடுற ஆக்களுக்கு. பின்னால ஆள் இருந்தா எவ்வளவு எண்டு பைக் கையேட்டில வேற இலக்கம் போட்டிருக்கும். அதுக்குக் கீழ இறக்காதேங்கோ. காலமை சில்லு குளிரா இருக்கேக்க, காத்து அளக்கிற உங்கட சொந்த கேஜால பாருங்கோ. பெற்றோல் செட்டில இருக்கிற மீட்டர்களை நம்பேலாது. காத்துக் குறைஞ்சா இன்னொரு கரைச்சலும் இருக்கு: டயர் ரிம்மில வழுக்கிச் சுத்தும், டியூபும் சேர்ந்து இழுபடும், வால்வ் சரியும். அதால வால்வில இருக்கிற நட்டை ரிம்மோட இறுக்காமல், மேல மூடியோட சேர்த்து வையுங்கோ. சரிஞ்சாக் கண்ணுக்குத் தெரியும், கிழிய முந்தி நேராக்கலாம்.

கௌதம் (2ஆம் மாடி): நாளைக்குக் காலமை 9 மணிக்குத் தண்ணி நிக்குமாம். டாங்கை நிரப்பி வையுங்கோ 🙏

ரவி மாமா: நன்றி தம்பி.
சாமான் சொல்லுறன் தர்சன். டயர் லீவர் 3 (2 காணாது, ஒண்டு பிடிச்சு நிக்கோணும்). பின் அச்சு நட்டுக்குச் சரியான ஸ்பனர், கைப்பிடி நீளமானது. கராஜில மெஷினால இறுக்கியிருந்தாக் குட்டி ஸ்பனருக்கு அசையாது. வால்வ் உள்ஊசி கழட்டுற சாவி, ரெண்டு உள்ஊசி. ஒட்டு ஒரு பத்து, மண்தாள், சொலூசன் (ஒட்டுற பசை) புதுசா உடைக்காதது 2. உடைச்ச சொலூசன் ஒரு மாசத்தில உள்ளுக்கே காஞ்சு போகும், வெளியால நிறைய இருக்கிற மாதிரித்தான் தெரியும். சின்னப் போத்தலில சவுக்காரத் தண்ணி.

தர்சன்: பம்ப்?

ரவி மாமா: 12 வோல்ட் சின்னக் கம்ப்ரசர், பற்றரியில நேர கொழுவுற வயரோட. யூஎஸ்பி சொக்கெட்டில ஓடாது. ஓடேக்க எஞ்சினை ஸ்டார்ட்டில விடுங்கோ. அது பழுதானா எண்டு ஒரு கைப் பம்பும். கை நோகும், ஆனா வேலை செய்யும்.

நிலா: அந்தப் பச்சைத் தண்ணி மாதிரி டியூபுக்குள்ள விடுறது நல்லமோ?

ஜெயந்தி அக்கா: சின்ன ஆணி ஓட்டையை அடைக்கும். நசிஞ்ச வெட்டை அடைக்காது. பிறகு ஒட்டுப் போடப் போனா எல்லா இடமும் பிசுபிசுப்பு, சொலூசன் பிடிக்காது. எனக்கு அதில விருப்பம் இல்லை.

தர்சன்: சரி, நடு ஸ்டாண்ட் இல்லையே. சில்லை எப்பிடித் தூக்கிறது?

ரவி மாமா: சைட் ஸ்டாண்டில விட்டு, பெட்டியைக் கழட்டி, முன் பிரேக்கை ரப்பர் பட்டியால இழுத்துக் கட்டுங்கோ. நிலா பைக்கை ஸ்டாண்ட் பக்கம் சரிக்க, வலப்பக்க சுவிங் ஆமுக்கு (பின்சில்லைத் தாங்கிற கைக்கு) கீழ சரியான உயரத்தில ஒரு தடி. தடியின்ர அடியில தட்டைக் கல்லு, இல்லாட்டி மண்ணுக்குள்ள போகும். வேலை முடியும் மட்டும் நிலா பைக்கைப் பிடிக்கோணும். ரெண்டாவது ஆள் இருக்கிறதால வாற லாபம் இதுதான்.
ஆனா ஒண்டு. ஆணி எங்க நிக்குதெண்டு தெரிஞ்சாச் சில்லைக் கழட்டத் தேவையே இல்லை. அந்த இடத்தை மேல கொண்டு வந்து, ஒரு பக்க டயர் விளிம்பை மட்டும் லீவரால வெளியில எடுத்து, டியூபில அந்தத் துண்டை மட்டும் இழுத்து ஒட்டலாம். அரை மணித்தியால வேலை. ரோட்டோர டயர் கடைப் பெடியள் செய்யிறது இதைத்தான்.

ஜெயந்தி அக்கா: ஓம். அதால ஆணியைக் கண்ட உடன இழுத்து எறியாதேங்கோ, முதல்ல பேனையால குறி போடுங்கோ.
லீவர் போடேக்க எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால அழுத்தி ரிம்மின்ர நடுப்பள்ளத்துக்குள்ள இறக்கோணும். அங்கதான் இந்தப் பக்கத்துக்குத் தளர்வு கிடைக்கும். இறங்காமல் பலத்தைக் காட்டினா லீவர் வளையும், இல்லாட்டி டியூப் கடிபடும். கொஞ்சம் கொஞ்சமா எடுங்கோ.

நிலா: ஒட்டுறது?

ஜெயந்தி அக்கா: ஒட்டை விடக் கூட அகலமா மண்தாளால தேயுங்கோ. டியூபில ஒரு மெல்லிய கோடு ஓடும், அது ஒட்டுக்குக் கீழ வந்தா மட்டமாத் தேய்க்கோணும், இல்லாட்டி அந்தக் கோட்டு வழியாக் காத்துப் போகும். சொலூசன் மெல்லிசாப் பூசிட்டுச் சும்மா இருங்கோ. மினுக்கம் போய் மங்கலா வரும். விரல் மொளியால தொட்டா ஒட்டக் கூடாது. கடற்கரைக் காத்தில ஈரம் இருக்கும், இன்னும் கொஞ்சம் விடுங்கோ. வாயால ஊதாதேங்கோ, எச்சில் ஈரம் பிடிக்கும். பிறகு ஒட்டை வச்சு நடுவிலயிருந்து ஓரத்துக்கு லீவர் நுனியால உரசி அழுத்துங்கோ. முகப் பவுடர் கொஞ்சம் தூவினா டயரோட ஒட்டாது. ஈரமா இருக்கேக்க அவசரப்பட்டு ஒட்டினதுதான் அநேகமா உரிஞ்சு வாறது.

ரவி மாமா: பூட்ட முந்தி டயருக்குள்ள ஒரு துணியால சுத்தித் துடையுங்கோ. வெறும் விரலை விடாதேங்கோ, முள்ளு நுனி உள்ளுக்கு நிக்கும். அந்தப் பக்கம் உடை முள்ளு, நுனி முறிஞ்சு டயருக்குள்ள இருந்தா வெளியால தெரியாது.
டியூபில உருண்டையா வாற அளவு காத்து விட்டுப் பூட்டுங்கோ. தட்டையா இருந்தா லீவர் கடிக்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில தொடங்கி வால்வ் பக்கத்தில முடியுங்கோ, கடைசியில வால்வைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளினா விளிம்பு இருக்க இடம் கிடைக்கும். காத்து ஏத்தி, டயரில ரிம்மோரமா ஓடுற கோடு சுத்திவர ஒரே அளவா எண்டு பாருங்கோ. பிறகு ஒருக்காக் காத்தை முழுக்க விட்டுத் திரும்ப ஏத்துங்கோ, மடிப்பு நிமிரும்.

ஜெயந்தி அக்கா: சில்லைக் கழட்டினா ரெண்டு பக்கத்து ஸ்பேசரும் (அச்சில இருக்கிற வளையம்) விழும், துவாயில ஒழுங்கா அடுக்கி வையுங்கோ. சில்லு வெளியில இருக்கேக்க பின் பிரேக்கை மிதிச்சிடாதேங்கோ, பிரேக் பேட் ரெண்டும் சேர்ந்திடும், டிஸ்க் உள்ளுக்குப் போகாது. நடுவில ஒரு மட்டை செருகி வச்சாப் பயமில்லை.

கௌதம் (2ஆம் மாடி): ஓடேக்கயே காத்துப் போனா?

ஜெயந்தி அக்கா: பின்சில்லு எண்டா வால் ஆடும். அக்சிலரேட்டரை மெல்ல விட்டு முன் பிரேக்கை மெதுவாப் பிடிக்கோணும். முன்சில்லு எண்டா ஹேண்டில் பாரமாகும், அப்ப பின் பிரேக். நல்லா இருக்கிற சில்லில பிடிக்கிறது. நிலா, நீங்கள் ஆடாமல் இருங்கோ, எட்டிப் பார்க்க வேண்டாம். நிண்ட பிறகு ரெண்டு பேரும் ஏறி ஓடக் கூடாது, கொஞ்சத் தூரத்திலயே வால்வ் பிஞ்சு டியூப் குப்பைக்குத்தான்.

ரவி மாமா: ஒரு விதிவிலக்கு, யானை. பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில ஈர லத்தி, முறிஞ்ச கொப்பு, ரோட்டோரம் அடர்ந்த பற்றை கண்டா அதில இருந்து சில்லுக் கழட்ட வேண்டாம். டியூப் போனாப் போகட்டும், நிலா பக்கத்தில நடந்து வர, வெட்டையான இடம் மட்டும் உருட்டுங்கோ. ஆடிவேல் காலத்தில பாதயாத்திரை ஆக்கள் போய் வருவினம், மற்ற நாளில வெறிச்சுத்தான். பின்நேரம் 4 மணிக்குப் பிறகு அந்தத் துண்டுக்குள்ள இறங்காதேங்கோ. பொத்துவில்தான் கடைசி நம்பிக்கையான டயர் கடை எண்டு நினைச்சு ஓடுங்கோ.

தர்சன்: ஏ4 ரோட்டில போகேக்க மொனராகலையில சில்லைக் காட்டி செக் பண்ணலாமோ?

ரவி மாமா: மொனராகலை வேண்டாம், இஞ்ச செய்யுங்கோ. நீங்கள் கொண்டு போற சாமானால மட்டும், பின்சில்லைக் கழட்டி, டியூபை வெளியில எடுத்து, திரும்பப் பூட்டிக் காத்தடியுங்கோ. எந்த ஸ்பனர் இல்லை, எந்த லீவர் கட்டை எண்டு அப்பதான் தெரியும். ஞாயிறு காலமை கீழ பார்க்கிங்கில.

தர்சன்: சரி மாமா. 7 மணிக்கு. உங்கட காரை ஒருக்காப் பின்னுக்கு எடுப்பியளோ?

ரவி மாமா: எடுக்கிறன். சவுக்காரத் தண்ணியை டைல்ஸில ஊத்தாதேங்கோ.

ஜெயந்தி அக்கா: நிலாதான் லீவர் பிடிக்கோணும், தர்சன் பைக்கைப் பிடிக்கட்டும். அடுத்த முறை மாத்திச் செய்யுங்கோ.

நிலா: 👍 முகப் பவுடர் என்னட்ட இருக்கு.