ஆவாரம்பூ மணப்பாகு: பூவைவிடத் தண்ணீர்க் கணக்குதான் முக்கியம்

கரிசல்காடு:
ஆவாரம்பூ மணப்பாகு (சர்பத்துக்குக் கலக்கும் பூப்பாகு) காய்ச்சிவிட்டு "கசக்குது, கறுத்துப் போச்சு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பூவை அடுப்பில் போட்டுக் கொதிக்க வைத்தவர்களாக இருப்பார்கள். ஆவாரையில் துவர்ப்புச் சத்து ரொம்ப அதிகம்; அதன் பட்டையை வைத்துத் தோல் பதனிட்டார்கள் என்றால் பாருங்களேன். கொதி ஏற ஏறத் துவர்ப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். இரும்புச் சட்டியாக இருந்தால் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து மசி மாதிரி கறுக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம்தான் சரி.

செய்முறை: காம்பும் பச்சைப் புல்லிதழும் கிள்ளி எடுத்த மஞ்சள் இதழ் 150 கிராம். 600 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, மூன்று நிமிடம் கழித்து இதழ்மேல் ஊற்றி மூடிவிடுங்கள். நான்கு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டுமென்றால் ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். நம் ஊர் வெக்கையில் வெளியே விட்டால் காலையில் புளிப்பு வாடை வந்திருக்கும். மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அழுத்திப் பிழியாதீர்கள், பிழிந்தால் கலங்கல். சுமார் 500 மில்லி கிடைக்கும்.

அதில் 1 கிலோ சர்க்கரை, இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். ஒரு கொதி வந்ததும் மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். ஒரு லிட்டருக்குச் சற்று மேலே நிற்கும். 30 மில்லி பாகுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு.

காய்ந்த பூ என்றால் 25 கிராம் போதும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பாதிக்கு மேல் மொட்டும் காம்புமாக இருந்தால் விட்டுவிடலாம். மொட்டில் நிறம் இருக்காது, துவர்ப்புதான் இருக்கும்.

வேலியோரம்:
பறிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். மஞ்சளாகப் பூத்ததெல்லாம் ஆவாரை இல்லை. பூவை விட்டுவிட்டு இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். ஆவாரையில் அந்த இடத்தில் காது மாதிரி வட்டமான சின்ன இலை ஒன்று தண்டை ஒட்டி நிற்கும், காம்பு உதிரும் வரை இருக்கும். கூட்டிலையில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலை, நுனி மழுங்கலாக. காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் போல மெலிந்து இருக்கும்.

பேயாவிரை என்று சொல்லும் செடியில் சிற்றிலை கூர்மையாக, ஜோடி குறைவாக இருக்கும், கசக்கினால் நாறும். அதன் விதை நஞ்சு, பக்கத்தில் போக வேண்டாம். சரக்கொன்றை மரம், பூ சரமாகத் தொங்கும். குழம்ப வாய்ப்பில்லை, ஆனால் உதிர்ந்த இதழை அள்ளிச் சேர்ப்பவர்கள் உண்டு. அது பேதிக்குக் கொடுக்கிற சரக்கு, சர்பத்துக்கு இல்லை. மஞ்சள் அரளியைச் சொல்லவே வேண்டாம்: குழல் பூ, ஒடித்தால் பால் வரும், செடி முழுக்க விஷம். பிள்ளைகளைப் பூப்பறிக்க அனுப்புவதாக இருந்தால் முதலில் இந்த அரளியை அடையாளம் காட்டுங்கள்.

பொங்கலை ஒட்டிக் காப்புக் கட்டுகிற சமயம் பூ அள்ள அள்ள வரும். அன்று விரிந்த பூவை, பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் பறியுங்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பூ வேண்டாம். களைக்கொல்லி அடித்த வரப்போரமும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நிழலில் வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் பரப்பி வையுங்கள்; எறும்பும் பூச்சியும் தாமே வெளியேறும். அதற்குப் பிறகு ஒரே ஒரு அலசல்.

கம்பிப்பதம்:
கரிசல்காடு அண்ணன் கொடுத்த அளவில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பூவுக்கும் பாகு காய்ச்சலாம். வடிகட்டிய சாறு எவ்வளவோ, எடையில் அதைப் போல இரண்டு மடங்கு சர்க்கரை. இந்தக் கணக்கில் பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை நிற்கும். அதற்குக் குறைந்தால் நொதிக்கும், கூடினால் அடியில் கற்கண்டு கட்டும். இதழ் குடித்த தண்ணீர் ஒவ்வொரு முறையும் மாறும், ஆகவே வடித்த பிறகு அளந்துவிட்டுச் சர்க்கரையை நிறுங்கள். முதலில் ஊற்றிய 600 மில்லிக்குச் சர்க்கரை போட்டால் கணக்கு தப்பிவிடும்.

பதம் பார்க்கிறவர்களுக்கு: பிசுக்குப் பதம்தான் வேண்டும், அதாவது விரலில் தொட்டால் ஒட்ட வேண்டும், கம்பியாக இழுபடக் கூடாது. ஒரு கம்பிப் பதம் வரை விட்டால் ஆறிய பிறகு உறைந்துவிடும். வெப்பமானி இருந்தால் 104 டிகிரி செல்சியஸ் தொட்டதும் இறக்குங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது என்று நினைத்து 2:1 பாகை வைக்கிறார்கள், நாலு நாளில் சர்க்கரை கட்டுகிறது. குளிரில் தண்ணீர் தாங்கும் சர்க்கரையின் அளவு குறையும், அதனால்தான். ஃபிரிட்ஜில் வைப்பதென்று முடிவானால் 500 மில்லிக்கு 900 கிராம் போதும். எலுமிச்சையும் சும்மா புளிப்புக்கு இல்லை. கொதிக்கும்போது அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து, கட்டாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே சாற்றைக் கொதிக்கும்போதே சேர்க்க வேண்டும். இறக்கிய பிறகு பிழிந்தால் ருசி மட்டும்தான் வரும்.

கட்டிப் போனால் பாட்டிலோடு வெந்நீரில் இறக்கி, ஒரு துகள் மிச்சமில்லாமல் கரைய விடுங்கள். ஒரு மணி சர்க்கரை தங்கினாலும் அதைச் சுற்றி மறுபடி கட்டும். இதே காரணத்துக்காகத்தான், சர்க்கரை கரைந்த பின் கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது. பாத்திரத்தின் பக்கவாட்டில் தெறித்ததை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

மாடித்தோட்டம்:
பாகு கணக்காகத்தான் காய்ச்சியிருப்பார்கள், ஆனால் மேலே மட்டும் பூசணம் பிடித்திருக்கும். இதற்குக் காரணம் மூடி. சூடாக ஊற்றி மூடிய பாட்டிலில் ஆவி மூடியில் பட்டுத் துளியாகிப் பாகின் மேல் சொட்டும். அந்த மேல்படலம் நீர்த்துப்போகிறது, பூசணத்துக்கு அது போதும். மூடியவுடன் இரண்டு நிமிடம் பாட்டிலைப் படுக்கப் போட்டு, பிறகு நிமிர்த்தி, ஆறியதும் ஒரு தடவை குலுக்கிவிடுங்கள். பாட்டிலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு, கவிழ்த்து வைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய வைத்திருக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். திறந்ததும் புஸ் என்று காற்று வந்தாலோ ஓரத்தில் நுரை கட்டியிருந்தாலோ மறுபடி காய்ச்சிப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று, சங்குப்பூவில் இதே முறையைச் செய்தால் நீலம் போய் ஊதா வந்துவிடுகிறது, எப்படித் தவிர்ப்பது என்று கேட்கிறார்கள்.

கம்பிப்பதம்:
மாடித்தோட்டம் சகோதரி கேட்டதற்கு: எலுமிச்சை இருந்தால் நீலம் நிற்காது, அந்த நிறமியின் குணம் அப்படி. நீலம் வேண்டுமானால் எலுமிச்சை இல்லாமல் காய்ச்சி, சின்ன பாட்டில்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். டம்ளரில் ஊற்றிய பிறகு எலுமிச்சை பிழியட்டும், விருந்தாளிகள் கண் முன்னாலேயே நிறம் மாறும். பூவின் அடியில் உள்ள பச்சைக் கிண்ணத்தைக் கட்டாயம் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் பச்சைப் பயற்று வாடை அடிக்கும். வெளிச்சம் படுகிற அலமாரி வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.

தருமபுரிப் பக்கம்:
"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பதைச் சும்மா பழமொழியாகவே விட்டுவிட்டோம். அந்தப் பூவுக்குச் சர்க்கரையே போட வேண்டாம். பங்குனி வாக்கில் விடிவதற்கு முன் தானே உதிரும் சதைப்பற்றான பூ, மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் மண் ஒட்டாது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் பூ பொறுக்க வசதியாகச் சருகைக் கொளுத்தி, அது காட்டுத் தீயாகிப் போவதும் உண்டு. துணி விரித்தால் அந்த வம்பே இல்லை.

உள்ளே இருக்கும் மகரந்தக் கேசரங்களை உருவி எடுத்துவிட்டு, அன்றைக்கே காய்ச்ச வேண்டும். பூவிலேயே ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது, மதியம் வரை வைத்தால் சாராய வாடை தொடங்கிவிடும். 1 கிலோ பூவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 20 நிமிடம் வேகவிட்டு வடித்து, அகலமான சட்டியில் சின்னத் தீயில் சுண்டவிடுங்கள். அழுக்கு நுரையாக வந்துகொண்டே இருக்கும், சலிக்காமல் எடுக்க வேண்டும். கடைசிக் கால் மணி நேரம் அடுப்பை விட்டு நகராதீர்கள், இந்தச் சர்க்கரை சட்டென்று அடிப்பிடிக்கும். தேன் பதத்தில் இறக்குங்கள். அதன் வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டால் அடங்கும்.

வேலியோரம்:
ஆவாரம்பூ சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு, அந்த நோய் உள்ளவருக்கே இந்தப் பாகைக் கலந்து கொடுக்கிறார்கள். ஒரு டம்ளரில் விழும் 30 மில்லி பாகில் 25 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கிறது. கருப்பட்டி போட்டாலும் பனங்கற்கண்டு போட்டாலும் கதை அதேதான். அவர்களுக்குப் பூவை வெந்நீரில் ஊறவைத்து அப்படியே கொடுங்கள், மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.