உலோக வால்வா, திசு வால்வா? அண்ணனுக்கு வயது 48

கேள்வி (ஈரோடு):
அண்ணன் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். இதயத்தின் பெருந்தமனி வால்வில் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதானாம். இப்போது சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எந்த வகை வால்வு வேண்டுமென்று வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்கிறார் மருத்துவர். மாற்றிக்கொண்டவர்கள் இத்தனை ஆண்டு கழித்து எப்படி இருக்கிறீர்கள்?

பதில் (நாகர்கோவில்):
தம்பி, எனக்கு 1998இல் திருவனந்தபுரத்தில் சித்ரா என்ற உலோக வால்வு வைத்தார்கள். அங்கேயே உருவாக்கியது, 1990 முதல் பொருத்துகிறார்கள். இன்றும் அதே வால்வுதான். ஒருக்களித்துப் படுத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். என் பேத்திக்கு அது தாலாட்டு.

உலோக வால்வு தேயுமோ என்று அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது இரத்தக்கட்டிக்கு. இரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) எனக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் பக்கவாதம் வரலாம், கூடினால் இரத்தக்கசிவு. கீரை இந்த அளவைக் குறைக்கும் என்றாலும் அதை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் ஆகாது. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஆண்டிபயாட்டிக்கும் அளவைக் கலைத்துவிடும். பல் பிடுங்கப் போனால் வால்வு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். வாயிலிருந்து கிளம்பும் கிருமி வால்வில் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

பதில் (மதுரை):
அப்பாவுக்கு 63 வயதில் திசு வால்வு, மாட்டின் இதய உறையில் செய்தது. சில மாதங்களில் ஆஸ்பிரின் மட்டும் போதும் என்றார்கள். 12 ஆண்டு நன்றாக ஓடியது. பிறகு எக்கோவில் (இதய ஸ்கேன்) இறுக்கம் தெரிந்தது. நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியே பழைய வால்வுக்குள்ளேயே புதியதை வைத்தார்கள். உங்கள் அண்ணன் வயதில் திசு வால்வு இன்னும் சீக்கிரம் கெடும். முதல் வால்வு சிறியதாக இருந்தால் உள்ளே இன்னொன்று வைப்பது சிரமம். என்ன அளவு வைப்பார்கள் என்று இப்போதே கேளுங்கள்.

கேட்டவர்:
நாகர்கோவில் அம்மா, அண்ணன் சரக்கோடு ஊர் ஊராகப் போகிறவர். பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கின்றனவாமே?

பதில் (நாகர்கோவில்):
உலோக வால்வுக்கு அவை ஆகாது தம்பி. டாபிகாட்ரான், அபிக்சாபான் இரண்டையும் ஆராய்ந்தார்கள். இரத்தக்கட்டி அதிகமானதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மாதாமாதம் இரத்தப் பரிசோதனைக்குப் போகமாட்டார் என்று வீட்டாருக்கே தோன்றினால், இரண்டாம் சிகிச்சைக்கு மனதைத் தயார்செய்துகொண்டு திசு வால்வையே கேளுங்கள். இன்னொன்று, இரண்டிதழ்க்காரர்களுக்குப் பெருந்தமனியே விரிந்துகொண்டு போவதுண்டு. அதன் அகலம் எவ்வளவு என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் அதையும் சேர்த்தே சரிசெய்வார்கள்.