எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கம் சில விவசாயிகள் சேர்ந்து தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா அரிசி விற்கிறோம், சொந்த டொமைன் இருக்கிறது. மெயில் எல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில், பில் மட்டும் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் வழியாக அதே டொமைன் முகவரியில் போகிறது. அந்த பில்தான் கடைக்காரர்களின் ஸ்பேமில் விழுகிறது. அறுப்பு முடிந்து ஆர்டர் குவிகிற தை, மாசியில் பில்லே கண்ணில் படாவிட்டால் பணம் எப்படி வரும்?

டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான பதிவுகள் இருக்கும் இடம்) எஸ்பிஎஃப் ரெக்கார்டு, அதாவது எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு, இரண்டு கிடக்கிறது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் பிழை என்றே எடுத்துக்கொள்ளும். சரி, ஒன்றாக்கலாம் என்றால் பில்லிங்காரர்களின் இன்க்ளூடுக்குள் (அவர்கள் சர்வர் பட்டியலைச் சேர்க்கும் வரி) இன்னும் பல இன்க்ளூட், மொத்த லுக்அப் (டிஎன்எஸ் தேடல்) வரம்பான 10ஐத் தாண்டிவிடுகிறது. பில்லுக்கு மட்டும் தனி சப்டொமைன் வைத்தால் போதுமா?

அப்புறம், பில் மெயிலின் ஹெட்டரில் (மெயிலோடு வரும் தொழில்நுட்ப விவரம்) டிகேஐஎம், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சோதனை, பாஸ் என்றுதான் வருகிறது, ஆனால் கையொப்பம் பில்லிங்காரர்கள் டொமைனில், அதனால் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் டிமார்க் ஃபெயில். எங்கள் டொமைனிலேயே கையொப்பமிட அவர்கள் தரும் 2048 பிட் சாவியை டிஎன்எஸ் பேனல் 255 எழுத்துக்கு மேல் ஏற்க மறுக்கிறது. இரண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் போட்டவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். டிமார்க் இப்போதைக்குக் கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது, பில் ஒழுங்காகச் சேரும்வரை அதைக் கடுமையாக்கப் போவதில்லை. ஹெட்டர் வேண்டுமென்றால் முகவரிகளை மறைத்துவிட்டுப் போடுகிறேன்.