நவம்பரில் ஸஸ்குவெஹானா ஸ்மால்மவுத்: ஃப்ளை ராடுக்கு ஒரு கொத்துகூட இல்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

ஆற்றுமணல்:

எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க்குக்கு மேலே ஸஸ்குவெஹானாவில்தான் தூண்டில் போடுகிறேன். ஃப்ளை ராட் (இறகு, மயிர் வைத்து முள்ளில் கட்டின பொய் இரையான ஃப்ளையை வீசுகிற தூண்டில் கோல்) பிடித்து இது இரண்டாவது வருடம். கோடை முழுவதும் பொழுது சாயும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பாப்பர் (தண்ணீர் மேல் மிதக்கிற ஃப்ளை) போட்டால் போதும், இருட்டுவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஸ்மால்மவுத் பாஸ் மாட்டிவிடும், சிறிசும் பெரிசுமாக. செப்டம்பரிலும் குறைவில்லை. அக்டோபர் கடைசியில் இரண்டு நாள் மழை பெய்து குளிர் இறங்கியது, அதோடு சரி. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து போய்விட்டேன், கோடையில் போன அதே திட்டுகள், அதே பாறை வரிசைகள். ஒன்றும் இல்லை. மீன் கண்ணிலேயே படவில்லை.

கையில் இருப்பது ஒன்பதடி 6 வெயிட் ராட் (எண் கூடக் கூட கனமான லைனை வீசும்), மிதக்கும் லைன், ஒன்பதடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கிற மெல்லிய இழை). பாப்பரை விட்டுவிட்டு வெள்ளை ஸ்ட்ரீமர் (சின்ன மீன் மாதிரி தண்ணீருக்குள் போகிற ஃப்ளை) போட்டு வேகமாக இழுத்துப் பார்த்தேன். விடியும்போதே போய் நின்று பத்து மணி வரை போடுகிறேன். போன வாரம் தண்ணீர் 48 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 9 டிகிரி செல்சியஸ். அடி தெரிகிற அளவுக்குத் தெளிவு. சருகுதான் தொல்லை, இரண்டு வீச்சுக்கு ஒன்று முள்ளில் சிக்கி வருகிறது.

ஒரு நண்பர், இந்த மீன் ஆதியில் இந்த ஆற்று மீனே கிடையாது, குளிர் வந்தால் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும், ஏப்ரல் வரை விட்டுவிடு என்கிறார். உண்மையா? இந்த ஆறு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, ஐந்து மாதம் ராடை உறையில் போட்டு வைக்க மனசே வரவில்லை.

நீர்க்காகம்:

ஏப்ரல் வரை விடவே வேண்டாம். வருடத்திலேயே பெரிய மீன் பிடிக்கிற காலம் இதுதான் என்பது என் அனுபவம், எண்ணிக்கை மட்டும் குறையும்.

நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. இது கிரேட் லேக்ஸ், ஓஹையோ, மேல் மிஸிஸிப்பி வடிநிலங்களின் மீன். பக்கத்து போடோமேக்குக்கு 1854-ல் ரயில் எஞ்சினோடு வருகிற தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள், இந்த ஆற்றுக்கு வந்தது அதற்கும் பிறகு. ஆனால் அது பிறந்த இடங்களில் பனிக்கட்டி மூடிக் கிடக்கிற மாதங்களை யோசித்துப் பாருங்கள், நம் ஊர்க் குளிர் அதற்குப் புதிதா என்ன? மண்ணுக்குள் எல்லாம் புதையாது. உடம்பின் சூடு தண்ணீரின் சூட்டோடு சேர்ந்து இறங்குவதால் செரிமானம் மந்தமாகிறது, தின்பது குறைகிறது, ஓடுகிற தண்ணீரை எதிர்த்து நிற்கத் தெம்பு செலவழிக்க அது தயாராக இல்லை. அதனால் இடம் மாறுகிறது.

நீங்கள் நிற்கிற இடத்தில்தான் கோளாறு. தண்ணீர் 60-க்குக் கீழே வரும்போது நன்றாகத் தின்றுகொண்டே மேட்டுத் தண்ணீரை விட்டு நகர ஆரம்பிக்கும். 50-ஐத் தொட்டதும் முக்கால்வாசி மீன் குளிர்கால மடுவுக்கோ அதற்குப் போகிற வழியிலோ இருக்கும். ஸஸ்குவெஹானா அகலமான ஆறு, பல இடங்களில் ஆழம் கிடையாது, அதனால் நல்ல மடு கொஞ்சம்தான். சில மீன்கள் அதைத் தேடி மைல் கணக்கில் போகும். கோடையில் நூறு இடத்தில் சிதறிக் கிடந்தது இப்போது நாலைந்து இடத்தில் கூடியிருக்கும். மற்ற இடத்தில் நாள் முழுக்கப் போட்டாலும் வெறும் தண்ணீரைத்தான் அடிக்கிறீர்கள்.

எப்படித் தேடுவது? ஆளுயரத்துக்குக் குறையாத ஆழம், அடியில் குண்டுப் பாறைகள், தண்ணீர் நடக்கிற ஆளைவிட மெதுவாகப் போக வேண்டும். தீவின் கீழ்முனை, பெரிய பாறைத்தட்டு முடிகிற இடம், வளைவின் வெளிக்கரை, இங்கெல்லாம் பாருங்கள். மடுவின் நட்டநடுவை விட, ஓட்டமும் தேக்கமும் உரசுகிற கோட்டில், தேக்கத்துப் பக்கம் நாலடி உள்ளே போடுங்கள். தண்ணீர் மேல் மிதந்து வருகிற சருகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாலே அந்தக் கோடு தெரியும், ஒரு பக்கத்துச் சருகு ஓடும், இன்னொரு பக்கத்துச் சருகு நின்று சுற்றும். ஒரு மீன் மாட்டினால் அங்கிருந்து நகராதீர்கள், பக்கத்திலேயே இன்னும் இருக்கும்.

அப்புறம் நேரம். விடியற்காலைப் பழக்கத்தை விடுங்கள். ராத்திரிக் குளிரில் தண்ணீர் இறங்கி, விடியும்போதுதான் நாளிலேயே மிகக் குளிர்ந்து கிடக்கும். பதினொன்றிலிருந்து மூன்று மூன்றரை வரை போதும், வெயில் விழுகிற வடகரையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே வித்தியாசம் தெரியும். மூன்று நான்கு நாள் ஒரே மாதிரி வானிலை நின்ற பிறகு போவது உத்தமம். குளிர்காற்று புதிதாக இறங்கின மறுநாள் நான் போவதே இல்லை.

ஃப்ளைக்கு க்ளௌசர் மின்னோ என்கிற ஸ்ட்ரீமர் போதும். பாப் க்ளௌசர் 1987-ல் இதே ஆற்றின் கரையில், ஹாரிஸ்பர்க்குக்குக் கொஞ்சம் கீழே மிடில்டவுனில், இதே மீனுக்காகக் கட்டியது. கனமான உலோகக் கண்ணை முள் தண்டின் மேல்பக்கம் கட்டுவதால் ஃப்ளை கவிழ்ந்து முள் மேலே பார்த்தபடி வரும், பாறையில் அவ்வளவாக மாட்டாது. இழுத்து நிறுத்தினால் தலைகுப்புற விழும், அந்த விழுகையில்தான் மீன் கவ்வும். குளிர்த் தண்ணீரில் அது தொப்பென்று விழக் கூடாது. அதனால் நான் சின்னக் கண் வைத்ததைப் போட்டு, ஆழத்துக்கு இறக்குகிற வேலையை, நுனி மட்டும் மூழ்குகிற சிங்க் டிப் லைனிடம் விட்டுவிடுவேன். லீடர் நாலடிக்கு மேல் வேண்டாம், நீளமாக வைத்தால் லைன் அடியில் கிடக்கும், ஃப்ளை மேலே மிதந்துகொண்டிருக்கும். 6 வெயிட் ராடு கொஞ்சம் திணறும், 7 அல்லது 8 இருந்தால் கைக்கு நிம்மதி.

எறிந்து பத்து எண்ணுங்கள். ஒரு சாண் இழுங்கள், நிறுத்துங்கள், ஐந்து எண்ணுங்கள், மறுபடி ஒரு சாண். இதைவிட மெதுவாக முடியாது என்று தோன்றும், அதையும் பாதியாக்குங்கள். கோடையில் ராடையே பிடுங்குகிற மாதிரி இழுக்கும் அல்லவா, அதை எதிர்பார்க்காதீர்கள். ஈரத் துணி மாட்டின மாதிரி ஒரு கனம், சில நேரம் லைன் லேசாகத் தொய்வது மட்டும்தான். சந்தேகம் வந்தால் ராடைத் தூக்காமல் இடது கையால் லைனை நீளமாக இழுங்கள். மீன் இல்லாவிட்டாலும் ஃப்ளை அதன் பக்கத்திலேயே இருக்கும், அடுத்த நிறுத்தத்தில் வந்து எடுக்கும். எனக்குப் பல முறை அப்படி நடந்திருக்கிறது.

தக்கை:

இடம், நேரம் பற்றி நீர்க்காகம் சொன்னது அத்தனையும் சரி. லைன் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அவர் படகிலிருந்து போடுகிறவர் என்று நினைக்கிறேன். நடந்து போய்ப் போடுகிறவனுக்குச் சிங்க் டிப் இந்த மாதத்தில் பெரிய இம்சை, மூழ்கின லைன் முழுக்கச் சருகைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. சருகு மேலே மட்டும் வருவதில்லை, ஊறினது நடுத்தண்ணீரிலும் உருண்டு வரும். நான் இதன் கிளையாறான ஜூனியாட்டாவில் மிதக்கும் லைனையே வைத்துக்கொண்டு, லீடரில் ஒரு தக்கை கட்டி, அதற்குக் கீழே ஐந்தடியில் ஊலி பக்கர் என்கிற ஃப்ளையைத் தொங்க விடுவேன். 6-ஆம் எண் முள், கருப்பு அல்லது ஆலிவ் நிறம். அதன் வாலில் இருக்கிற மராபு என்கிற மெல்லிய இறகு சும்மா நின்றாலும் தண்ணீரில் மூச்சு விடுகிற மாதிரி அசையும், அதுதான் இப்போது வேண்டியது. தேக்கத்தில் அது பாட்டுக்கு மிதந்து போகட்டும். தக்கை முங்க வேண்டும் என்றில்லை, மற்ற நுரையோடு போகாமல் ஒரு நொடி தயங்கினாலே இழுத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு வீச்சுக்கும் முள்ளைப் பாருங்கள். ஒரு சருகுக் காம்பு ஒட்டியிருந்தால்கூட மீன் கிட்டே வராது. காற்றடித்த மறுநாள், மழைக்குத் தண்ணீர் ஏறுகிற நாள், இரண்டிலும் சருகு மிக அதிகம். நீர் இறங்கித் தெளிகிற நாளுக்குக் காத்திருங்கள். யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) நீர்மட்ட அளவீட்டை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

போன வருடம் நவம்பர் கடைசியில் வருகிற நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தின வாரம் ஒன்று பிடித்தேன், 19 அங்குலம். முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து ஒரு கிரேஃபிஷ்ஷின் (இறால் மாதிரி நன்னீர் உயிரி) மீசை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை விழுங்கி முடிக்காமலே என் ஃப்ளையையும் எடுத்திருக்கிறது. வயிறு கல் மாதிரி. தின்னாது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மீசைதான் ஞாபகம் வரும்.

ஆற்றுமணல்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் உறைக்கிறது, நான் மூன்று வாரமும் காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தக்கை முறையை முதலில் செய்து பார்க்கிறேன், புது லைன் வாங்க வேண்டாம். நான் போகிற பகுதியில் ஒரு தீவின் கீழ்முனையில் கரும்பச்சையாக ஒரு மடு இருக்கிறது. அங்கே போக இடுப்பளவுத் தண்ணீரைக் கடக்க வேண்டும். தனியாகத்தான் போவேன். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் கயாக்கைக் கேட்டு வாங்கலாம். எது மேல்?

அக்கரை:

இதற்காகவே எழுத வந்தேன். தயவுசெய்து தனியாக இடுப்பளவுத் தண்ணீரில் கடக்காதீர்கள். 48 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். அதற்கப்புறம் கைகால் சொன்னபடி கேட்பது ஒரு பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் விரல் மடங்காத பிறகு அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு வருடத்துக்கு முன் நான் தொடையளவுத் தண்ணீரில்தான் சறுக்கினேன். பாசி படிந்த பாறை மேல் சருகு மூடியிருந்தது, கால் வைக்கிற வரை தெரியவில்லை. வேடரின் (தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை) இடுப்புப் பட்டையை இறுக்கியிருந்ததால் உள்ளே தண்ணீர் ஏறவில்லை, மிதப்புச் சட்டை போட்டிருந்ததால் தலை மேலே நின்றது. கரையேறிக் கார் கதவைத் திறக்கச் சாவியைப் பிடிக்க முடியவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருகினேன். அந்தச் சாவியை என்னால் மறக்க முடியாது.

கயாக்கில் போனால், பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக், கனூ, பதினாறு அடிக்குக் குறைவான படகு எதிலும் மிதப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், படகில் வைத்திருந்தால் போதாது, அது சட்டம். கரையோரமாகவே போடுவதானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் ஒன்று, காரில் ஒரு மாற்றுத் துணி, யாரிடமாவது எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு வார்த்தை.

மீனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது அவை ஒரே மடுவில் கூடியிருப்பதால் ஒரே நாளில் அந்த மடுவையே வழித்து எடுத்துவிடலாம். மூன்று நான்கு போதும், நகர்ந்துவிடுங்கள். 20 அங்குல மீன் பத்து வயதைத் தாண்டியிருக்கலாம், பெண் மீன் என்றால் அடுத்த வசந்தத்துக்கான முட்டை இப்போதே அதன் வயிற்றில் வளர்ந்துகொண்டிருக்கும். 2005-லிருந்து இந்த ஆற்றில் குஞ்சுகள் நோயில் செத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றுங்கள். உறைகிற காற்றில் செவுளைக் காட்டவே கூடாது. விதிகள் பகுதிக்குப் பகுதி மாறும், போவதற்கு முன் மீன், படகு ஆணையத்தின் அந்த வருட விதிகளைப் படித்துவிடுங்கள்.

ஆற்றுமணல்:

இன்று போய்விட்டு வந்து எழுதுகிறேன். கயாக், மிதப்புச் சட்டை, கூடவே அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். பதினொன்றரைக்குத் தண்ணீர் 46, இரண்டு மணிக்கு 48. தீவின் முனையில் சருகு நின்று சுற்றுகிற கோடு சொன்ன மாதிரியே கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. தக்கையை ஐந்தடியிலிருந்து ஏழடிக்கு ஏற்றிக் கட்டினேன். மூன்றாவது மிதப்பில் நுரை முன்னே போய்விட்டது, தக்கை பின்தங்கி நின்றது. இழுத்தேன், பாறை என்றே நினைத்தேன், அப்புறம் அந்தப் பாறை மெதுவாக நடுமடுவைப் பார்த்து நகர்ந்தது. 17 அங்குலம். கோடை மீன் போலத் துள்ளவில்லை, ஆழத்திலேயே தலையை ஆட்டி ஆட்டி இழுத்தது. கோடையில் பார்க்கும் வெண்கலப் பச்சை இல்லை, கிட்டத்தட்டக் காப்பிக்கொட்டை நிறம், கண் மட்டும் அதே சிவப்பு. அதே இடத்தில் இன்னும் இரண்டு. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒரு கேள்வி மட்டும். டிசம்பரில் தண்ணீர் 40-க்கு வந்துவிட்டால் இதே மடுதானா?

நீர்க்காகம்:

அதே மடுதான். இன்னும் ஆழமான பக்கமாக ஒதுங்கியிருக்கும், கோட்டை விட்டு முழுக்கத் தேக்கத்துக்குள் போடுங்கள். ஃப்ளையை அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும், ஒரு கஜம் தள்ளிப் போனாலும் திரும்பாது. பகலிலும் உறைபனிக் குளிர் என்றால் ராடின் வளையங்களில் பனிக்கட்டி கட்டும், அப்போது நுனியைத் தண்ணீரில் முக்கினால் கரைந்துவிடும், விரலால் தட்டி உடைக்காதீர்கள், வளையம் வளைந்துபோகும். வாழ்த்துகள், 17 அங்குலம் நல்ல மீன்.