சாரல் அடிக்கும் மேற்குச் சுவருக்குக் கூழாங்கல் பூச்சு: அளவும் செய்முறையும் வேண்டும்

புளியரைக்காரன்:
செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் வீடு. செங்கல் சுவர், பூச்சுக்கு மேல் எமல்ஷன் அடித்தது. ஆனி, ஆடிச் சாரல் நேராக மேற்குச் சுவரில்தான் விழுகிறது. பூச்சில் மயிரிழை விரிசல், உள்பக்கம் ஓதம் (ஈரக்கசிவு), அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. சுவர் 28 அடி அகலம், 20 அடி உயரம். ஜன்னல் போக 520 சதுர அடி வரும். பழைய பூச்சின் மேலேயே கூழாங்கல் பூச்சு (ஈரப் பூச்சில் சிறு கல்லை வீசிப் பதிப்பது) அடித்துவிடலாம், ஓதம் நின்றுவிடும் என்கிறார் கொத்தனார். சரியா? எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

கரணையும்_மட்டமும்:
பழைய பூச்சின் மேல் வேண்டாம் சார். எமல்ஷனில் சிமெண்ட் பிடிக்காது. பூச்சும் கல்லும் சேர்ந்து பெரிய எடை. அது முழுக்கப் பெயிண்ட் ஏட்டில் தொங்கும். இரண்டு மூன்று மழைக்குள் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும், பிறகு பலகை பலகையாக விழும். செங்கல் தெரிகிற வரை கொத்தி எடுங்கள். செங்கல் இணைப்புகளை 12 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, கம்பிப் பிரஷ் போட்டு, தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். காங்கிரீட் தூணும் பீமும் செங்கல்லைத் தொடுகிற கோட்டில் கோழி வலை அடித்தே தீரவேண்டும், இரண்டு பக்கமும் அரை அடி. உங்கள் சுவரில் இப்போது இருக்கிற விரிசலில் பாதி அந்தக் கோட்டில்தான் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

அளவுக்கு சி.பி.டபிள்யூ.டி. (மத்தியப் பொதுப்பணித் துறை) முறையையே எடுத்துக்கொள்ளலாம். அடிப்பூச்சு 12 மி.மீ., 1:4 (1 சிமெண்ட், 4 மணல்), கொஞ்சம் பருமணல். மேல்பூச்சு 10 மி.மீ., 1:3 நைசு மணல், சிமெண்ட் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள். கல் 6 முதல் 12.5 மி.மீ. வரை. 100 சதுர அடிக்கு இரண்டு பூச்சுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 மூட்டை சிமெண்ட், 8 முதல் 9 கன அடி மணல், 2 கிலோ சுண்ணாம்பு, 120 கிலோ கல். உங்கள் சுவருக்கு 11 மூட்டை, 50 கன அடி, 12 கிலோ, சிதறலையும் சேர்த்து முக்கால் டன் கல். கல்லை ஒரே லோடில் வாங்கி, முழுவதையும் ஒன்றாகக் கலந்து, அலசி வையுங்கள். பாதிச் சுவரில் தீர்ந்துபோய் மறு லோடு வந்தால் நிறம் மாறும், அந்தக் கோடு மறையவே மறையாது.

அடிப்பூச்சு இறுகத் தொடங்கியதும் ஆணி வைத்த சட்டத்தால் நெளிகோடாகக் கீறிவிடுங்கள். நீர்த்தடுப்பு லிக்விட் இந்தப் பூச்சில்தான் கலக்க வேண்டும், பெரும்பாலும் மூட்டைக்கு 200 மி.லி.; டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. மழையைத் தடுப்பது ஒரு பயன். லிக்விட் கலந்த அடிப்பூச்சு தண்ணீரைக் குறைவாக, ஒரே சீராக உறிஞ்சுவதால் மேல்பூச்சு கொஞ்ச நேரம் இளக்கமாக நிற்கும், கல் அடிக்க அவகாசம் கிடைக்கும், அது இன்னொன்று. 7 நாள் நீராற்றி, இரண்டு நாள் காயவிட்டு மேல்பூச்சுக்குப் போங்கள்.

மேற்குச் சுவர் என்பதால் காலையில் தொடங்கி, வெயில் திரும்புவதற்குள் முடியுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். இரண்டு பேர் பூச, பின்னாலேயே ஒருவர் கல் அடிக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழணும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். அதற்கு முன்னால் அடித்தால் கல் வழுக்கி இறங்கும், பின்னால் அடித்தால் தெறித்து விழும். கல் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சின்னக் கரண்டியால் அள்ளி, சுவருக்கு நேராக, மணிக்கட்டு வேகத்தில் வீசணும். ஒரு சுற்று முடிந்ததும் மரப்பலகையால் லேசாகத் தட்டினால் போதும். அழுத்தித் தேய்த்தால் சிமெண்ட் பால் மேலே வந்து கல்லை மூடிவிடும். கீழே தார்ப்பாய் விரியுங்கள். விழுந்ததை அலசி மறுபடி பயன்படுத்தலாம்.

வேலையை நடுச்சுவரில் நிறுத்தாதீர்கள். மூலை, ஜன்னல் ஓரம், மழைநீர்க் குழாய்க்குப் பின்புறம் என்று இணைப்பு மறைகிற இடம் பார்த்து நிறுத்துங்கள்.

தென்காசி_சைட்:
மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. நம் பக்கத்து நாட்டுச் செங்கல் மென்மையானது. அதன் மேல் 1:3 கடினம். காயும்போது சுருங்கி மயிரிழை விடும். கல் மூடியிருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. பூச்சுக்கு மேல் பூச்சு போடும்போது மேலது அடியைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பது பழைய விதி. இரண்டு பூச்சுக்கும் ஒரே கலவை, 1 சிமெண்ட், அரைப்பங்கு சுண்ணாம்பு, நாலரை மணல் வைத்துப் பாருங்கள். குழைவாக இருக்கும், கல்லையும் பிடிக்கும்.

ஓதம் நிற்குமா என்று கேட்டீர்கள். கல் பூச்சு மழையின் வேகத்தை உடைக்கும், ஆனால் மேலிருந்து இறங்குகிற தண்ணீரை அதனால் எதுவும் செய்ய முடியாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலை உள்பக்கம் சரிந்திருக்கிறதா? சன்ஷேடின் அடியில், ஓரத்தையொட்டி ஒரு காடி (தண்ணீர் சொட்டி விழ வெட்டும் பள்ளக்கோடு) இருக்கிறதா? காடி இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாக ஓடி வந்து சுவரில் ஏறும். இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள். கீழே தரையிலிருந்து அரை அடி விட்டு, வெளிப்பக்கம் லேசாகத் துருத்தின மாதிரி பூச்சை முடியுங்கள். மண்ணைத் தொட்டால் ஈரத்தை மேலே இழுக்கும்.

கொழிஞ்சாம்பாறை_வீடு:
நாங்கள் பாலக்காட்டுப் பக்கம், வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர். இதே முறை போதுமா? பழைய கல் பூச்சு ஒன்றும் இருக்கிறது, பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது.

கரணையும்_மட்டமும்:
வெட்டுக்கல்லில் துளை அதிகம், தண்ணீரைக் குடித்துவிடும். முந்தின நாள் நன்றாக நனையுங்கள். மறுநாள் 1:2 சிமெண்ட், பருமணலைக் கூழாகக் கரைத்து, விளக்குமாற்றால் சுவரில் தெளித்து, முள்முள்ளாக இறுக விடுங்கள். அதற்கு மேல்தான் அடிப்பூச்சு.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, சாதாரண ஹோஸால் அலசுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், கல்லைப் பெயர்த்துவிடும். ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பூச்சில் இருக்கும் வெள்ளைக் கல் சிப்ஸ் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் அல்லது மார்பிள். ஒரு கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா பாருங்கள். நுரைத்தால் ஆசிட்டில் கரையும்.

தென்காசி_சைட்:
பழைய பூச்சைச் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதைச் சுற்றிச் சதுரமாக வெட்டி எடுங்கள். ஓரம் உள்பக்கம் சரிந்திருந்தால் புதுப் பூச்சு பிடித்து நிற்கும். விழுந்த பழைய கல்லை அலசி எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்டுப்போடும்போது புதுக் கல்லோடு கலந்தால் நிறம் ஒத்துப்போகும்.

பெயிண்ட் அடிப்பதென்றால் சமச்சுவர்க் கணக்கைவிட இரு மடங்கு வாங்குங்கள், நீள முடி ரோலர் அல்லது ஸ்ப்ரே. நீராவி வெளியேற விடாத தடித்த ரப்பர் கோட்டிங் மட்டும் வேண்டாம், வெட்டுக்கல்லுக்கு அது ஆகவே ஆகாது.

புளியரைக்காரன்:
பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி பெரிய விரிசல் தூண் ஓரத்தில்தான். சன்ஷேடில் காடியும் இல்லை. சாரல் முடிந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் ஓய்ந்த பிறகு, தையில் ஆரம்பிக்கலாமா?

கரணையும்_மட்டமும்:
தை, மாசி சரியான காலம். காடியை இப்போதே வெட்டிவிடுங்கள், அதற்குச் சாரம் கட்ட வேண்டியதில்லை, ஏணி போதும். கல் அடித்த மறுநாளிலிருந்து 7 நாள் புகைமாதிரித் தண்ணீர் தெளியுங்கள். ஹோஸை நேராகப் பிடித்தால் புதுக் கல் உதிரும்.